மாப்பிள்ளைக்கு மட்டும் பஞ்சர்

டயரில் ஒட்டியிருந்த ரப்பர் பிசிறுகளை அவள் சூட்டுக்காற்று மெஷினால் இளக்க, நாத்தனார் தகட்டால் சுரண்டி எடுத்தாள். சுரண்டாமல் விட்டால் வண்டி அதிரும். அழுத்திச் சுரண்டினால் டயரே போய்விடும். சீசன் முழுவதும் ஒரே செட் டயர்தான் என்பது விதி. தேய்மானம் பார்ப்பதற்காக ரப்பரில் விட்டிருந்த சின்னக் குழிகள் அவளுடைய நான்கு டயர்களிலும் மறைந்துவிட்டன. இன்று கடைசிப் பந்தயம்.

"அண்ணி, இதுக்கு மேல சுரண்டினா காத்துதான் மிச்சம்."

"சுரண்டு. காத்துலயாவது ஓட்டறேன்."

அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. பந்தயத் திடலில் எல்லோருக்கும் அவள் 'லாண்டரி'. நாத்தனார் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். தரையோடு தரையாக ஓடும் அந்தக் கார்ட் வண்டியை இரண்டு பேருமாகத்தான் பழைய இரும்பிலிருந்து தேற்றியிருந்தார்கள்.

சீசனில் முதலிடம் பிடிப்பவருக்குத் திடலில் பயிற்சியாளர் வேலை, நிரந்தரமாக, என்று திடல் முதலாளி வாசலில் பலகையே வைத்திருந்தார். நீராவியில் நின்று நின்று லாண்டரிக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. இந்த வேலையில் உட்காரலாம். புள்ளியில் அவளும் முதலாளியின் மாப்பிள்ளையும் சமம். இன்று முந்துகிறவருக்கு வேலை.

மாப்பிள்ளையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான்கு டயரும் பளபளத்தன. குழிகள் ஆழமாக இருந்தன. திடல் குமாஸ்தா குனிந்து, அவற்றில் இந்த சீசனின் மஞ்சள் பெயின்ட் அடையாளத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

லாண்டரி எழுந்து போனாள்.

"என்ன சார், மறுபடியும் பஞ்சரா?"

"ஆமாம்மா. நாலும்," என்றார் முதலாளி.

பக்கத்தில் தன் கார்ட்டுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் நிமிர்ந்தார். "என் லாரிய ஆணி மேல ஓட்டினாக்கூட நாலும் ஒண்ணாப் போகாது சார். மாப்பிள்ளைக்கு மட்டும் எப்படி?"

"பஞ்சர் ஆனா மாத்திக்கலாம்னு விதி இருக்கு. நீங்கல்லாம் கைதூக்கின விதிதானே? கேட்டதே இந்தம்மாதான்."

உண்மைதான். போன சீசனில், கூட ஓட்டும் லேத்துக்காரரின் டயரில் ஆணி ஏறி, அவர் பாதியில் நின்றுபோனார். அதற்காகச் சண்டை போட்டு லாண்டரி வாங்கிய சலுகை அது. பஞ்சரான டயரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"சரி சார். டயர்ல ஒண்ணுமில்ல, எல்லாம் ஓட்டற கையிலதான் இருக்குன்னு சொல்வீங்களே?"

"இப்பவும் சொல்றேன்."

"அப்ப எல்லார் டயரையும் நடுவுல போடுவோம். சீட்டுக் குலுக்குவோம். யாருக்கு எது வருதோ அதுல ஓட்டுவோம்."

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "லாண்டரில துணியக் கலக்கற மாதிரியா?"

"அழுக்குத் துணிக்குப் பயமில்ல தம்பி. வெள்ளைச் சட்டைதான் பதறுது."

லாரிக்காரர் சத்தமாகச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"கடைசி நாள்ல விதிய மாத்த முடியாது. ஓட்டறவங்க ஓட்டுங்க. ஓட்டாதவங்களுக்குப் புள்ளியும் இல்ல, வேலையும் இல்ல."

நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, வேண்டாம். ஓட்டிப் பாருங்க. அவன் எங்கயாவது முட்டிக்கிட்டு நின்னாலும் நிப்பான்."

"மாப்பிள்ளைக்கு எதுக்குடி வேலை? திடலே அவங்களுது. அவன் ஜெயிச்சா யாருக்கும் வேலை குடுக்க வேண்டாம். அதுக்குத்தான் இத்தனை பஞ்சர்."

"உங்க காலு?"

"காலு என்னோடது. நான் பாத்துக்கறேன். ஸ்பேனரை எடு."

நாத்தனார் ஸ்பேனரை எடுத்து வந்து தானே முன் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். நட்டுகள் கழன்றன. லாண்டரி நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்ப் புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துப் போட்டாள். வண்டி வெறும் அச்சோடு தரையில் கிடந்தது.

"என்னம்மா நாடகம் இது?" என்றார் முதலாளி.

"குலுக்கல்ல என் பங்க வெச்சுட்டேன் சார்."

லேத்துக்காரர் தன் வண்டியைக் கவிழ்த்து நட்டுகளைக் கழற்றினார். லாரிக்காரர் ஊற்றிய பெட்ரோலைத் திரும்பக் கேனில் பிடித்துவிட்டுச் சக்கரத்தில் கை வைத்தார். அடுத்து மெக்கானிக், அவருக்கு அடுத்து ஹோட்டல்காரர். தேய்ந்த சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. குவியல் இடுப்பளவுக்கு வந்ததும் லாண்டரி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்குங்க. எல்லாரையும் அடுத்த சீசன்ல இருந்து தூக்கிடுவேன்!"

"தூக்குங்க சார். டயரோட சேத்துத் தூக்குங்க."

முதலாளி கொடிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொடி இறங்கியது. மாப்பிள்ளையின் வண்டி மட்டும் சீறிக்கொண்டு கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் அவன் பழக்கத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தான். குவியலைக் கடக்கும்போது மட்டும் பார்க்கவில்லை. அங்கே யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. லாரிக்காரர் கொட்டாவி விட்டார்.

எல்லாச் சுற்றும் முடிந்தது. மூன்று படி வைத்த மேடையின் உச்சியில் மாப்பிள்ளை ஏறினான். பயிற்சியாளர் என்று முதுகில் எழுதிய புதுச் சட்டையை முதலாளியே அவன் தோளில் போட்டார். சீசனின் இரண்டாம் இடத்துக்கு ஒலிபெருக்கியில் லாண்டரியை அழைத்தார்கள். மறுபடியும் அழைத்தார்கள். அவள் குவியலைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் இடத்துக்கு அழைத்தபோது லேத்துக்காரர் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

படம் எடுப்பவர் மேடையைப் பார்த்துக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல இடது கையை ஆட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."