வெந்துபோன மரகதம்

1

ஒரு நகைக்கடையின் தீபாவளி மலருக்கு மரகதத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். ஒழுங்காகத்தான் தொடங்கினேன்: ‘பல கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், சூடான நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து...’ அந்த இடத்தில் லின்சி வந்து, தன் மரகத மோதிரத்தைக் கொதிக்கிற சட்டியில் போட்டுவிட்டாள். கட்டுரை அத்தோடு போயிற்று.

2

[‘பச்சை வயல் நடுவே பச்சைக்கல்லாய் ஒரு பெண்’ என்று அவளை அறிமுகப்படுத்தினேன். எனக்கே வெட்கமாகி அந்த வரியை அடித்துவிட்டேன்.]

வருடம் 1996, திருவாரூர்ப் பக்கம். லின்சியின் கணவன் ஜெனித்துக்கு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. போன லீவில் அந்த மோதிரத்தை மாட்டிவிட்டு, “ஒரிஜினல் மரகதம் லின்சி. ரெண்டு வருஷ ஓவர்டைம்” என்றான். அதைப் பார்த்துப் பொறுக்காமல், அச்சு அசலாக அதேபோல ஒரு கண்ணாடிக்கல் மோதிரத்தை வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் வாங்கிப் போட்டுக்கொண்டாள் ஓரகத்தி ஃபெபி.

இன்று ஜெனித் வருகிறான். நகைக்கு அழுக்கெடுக்க லின்சி பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். ஃபெபியும் தன்னுடையதைப் போட, இரண்டு மோதிரமும் ஒரே சட்டியில் கொதித்தன. கண்ணாடி பளபளவென்று வந்தது. மரகதம் வெளிறிப்போய், உள்ளே நரம்பு நரம்பாக விரிசல் தெரிய வந்தது.

“அக்கா, உங்க கல்லு வெந்துபோச்சுக்கா” என்றாள் ஃபெபி.

3

(கட்டுரையின் மிச்சம் இப்போது உதவும். மரகதம் பெரும்பாலும் விரிசலோடுதான் பிறக்கிறது. எகிப்தில் தோண்டிய காலத்திலிருந்தே மனிதர்கள் அந்தப் பச்சைக்கு மயங்கியிருக்கிறார்கள். விரிசல் தெரியாமலிருக்க வியாபாரிகள் கல்லை எண்ணெயில் ஊறவைத்து விற்பார்கள். வெந்நீர் பட்டால் எண்ணெய் கழன்றுவிடும். லின்சியுடையது அசல்தான். எழுதுகிறவன் நான், எனக்குத் தெரியாதா?)

அவளிடம் இதை யார் சொல்வது? பஞ்சநதம் பத்தர் என்று ஒரு பொற்கொல்லரைப் படைத்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்து, “அம்மாடி, இது—” என்று ஆரம்பித்தார். எல்லாம் தெரிந்த பெரியவர் வந்து விளக்குவது சலித்துப்போன உத்தி. அவருக்குச் சிங்கப்பூர் விசா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது கையைப் பிசைகிறேன்.

4

‘ஏமாற்றுக்காரன் என்று லின்சி கொதித்து—’

இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

“ஃபெபி, பாவம் அவரை யாரோ போலிக் கல்லக் குடுத்து ஏமாத்திட்டாங்க. தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிடுவாரு” என்று அழுதாள். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். பிறகு ஏதோ தோன்றி, கல்லில் தேங்காய் எண்ணெயைத் தடவினாள். விரிசல் கொஞ்சம் மங்கியது.*

“எண்ணெயோட எத்தனை நாளைக்குக்கா சுத்துவீங்க? என்னோடத நீங்க போட்டுக்கங்க, வெந்தத நான் வச்சுக்கிறேன். அண்ணனுக்குத் தெரியவா போவுது?”

ஃபெபி உண்மையிலேயே நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் கொடுமை.

* வியாபாரிகளின் ரகசியத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அது அவளுக்கே தெரியாது.

5

முடிவு அ: லின்சி மாற்றிக்கொள்கிறாள். ஜெனித் ஆயுள் முழுக்கக் கண்ணாடியை மெச்சுகிறான். அவனுடைய ஓவர்டைம் ஃபெபியின் விரலில் கிடந்து மத்தி மீன் கழுவுகிறது.

முடிவு ஆ: லின்சி எல்லாவற்றையும் அவனிடம் சொல்கிறாள். ஜெனித் முகம்... எழுத வரவில்லை.

திருச்சி பஸ் வந்து நின்றுவிட்டது. ஜெனித் டேப் ரெக்கார்டர் பெட்டியோடு இறங்குகிறான். லின்சியின் உள்ளங்கையில் இரண்டு மோதிரம், ஒன்று உலர்ந்தது, ஒன்று வழுக்குவது. ஃபெபி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

‘எண்ணெய் மோதிரத்தை விடாதே’ என்று தொண்டை வறளக் கத்திப் பார்த்துவிட்டேன். என் குரல் அவள் காதில் விழவில்லை. நீங்கள் அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறீர்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் ஒன்றை எடுத்து ஃபெபியிடம் கொடுக்கப்போகிறாள்.