உபதேசியார் காலேபின் புத்தகம்

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊரின் வரலாற்றை எழுதி முடிக்க பியூலா டீச்சருக்கு நாலு வருடம் பிடித்தது. சிவகாசியில் கொடுத்து, வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சடித்தார். வெளியீட்டு விழாவில் நல்ல கைதட்டல். ஆனால் கூட்டம் கலையும்போது, அவர் காதுபடவே ஒருவர் கேட்டார்: "உபதேசியார் காலேப் எழுதுன பழைய புஸ்தகம் பாக்கியவதி அக்காகிட்டதான இருக்கு?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்தில் ஊர்க் கோயிலில் ஊழியம் பார்த்த காலேப் செத்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஊரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் வருடமெல்லாம் தப்பு என்று கேள்விப்பட்டு, டீச்சர் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஊர்க்காரர்களோ மிஞ்சியிருந்த அந்த ஒரே பிரதியைத்தான் தேடிப் போனார்கள். போகிறவர்களை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தப்புகளைக் குறித்து வந்து எல்லோருக்கும் காட்டுவது என்ற முடிவோடு பாக்கியவதி வீட்டுக்குப் போனார். பாக்கியவதி காலேபின் பேத்தி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க டீச்சர். எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருந்து பாருங்க."

பத்துப் பக்கத்துக்குள் மூன்று தப்பு கிடைத்தது. டீச்சருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போது பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் சின்னத்தாய், தன் தெருப் பெண்கள் இரண்டு பேரோடு வந்தார்.

"அக்கா, எங்க ஆளுக முன்னால கரட்டு மலைக்கு அங்கிட்டு இருந்தாகளாம்ல. கொள்ளைநோய் வந்து எல்லாரும் கிளம்பி வந்தாகன்னு சொல்லுவாக. அதுல எங்கள பத்தி ஏதும் போட்டிருக்கா?"

புத்தகம் டீச்சர் கையில் இருந்ததால், அவரே தேடி வாசிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குடியிருப்பில் யார் யார் இருந்தார்கள், பிணம் தூக்க ஆளில்லாதபோது சங்கையா என்ற கூலிக்காரர் ஒருவரே செத்தவர்களையெல்லாம் சுமந்து போய் அடக்கம் செய்தது, கடைசியில் அதே நோயில் அவரும் விழுந்தது எல்லாம் எழுதியிருந்தது.

"சங்கையா எங்க பூட்டன்லா!" என்றார் சின்னத்தாய். "பேரு எங்க இருக்கு? காட்டுங்க டீச்சர்."

டீச்சர் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்த சின்னத்தாய், அந்தப் பெயரை விரலால் தடவியபடியே அழுதார். டீச்சரின் புத்தகத்தில் சின்னத்தாயின் தெருவே கிடையாது. தப்பும் தவறுமாக எழுதிய அந்த உபதேசியார் மேல் அப்போது வந்த பொறாமை, முன்பு இருந்த எரிச்சல் போன்றதல்ல. தன் பக்கம் ஒன்றிலாவது யாராவது இப்படிக் கை வைத்திருக்கிறார்களா என்று நினைத்துப் பார்த்தார்.

"டீச்சர், இத உங்க புஸ்தகத்துல சேத்துப் போட்டுருங்க. உங்களுதுதான் நாலு பேரு கைக்குப் போகும்" என்றார் பாக்கியவதி.

அப்படிப் போட்டால் தன் பெயரில் வரும். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம்க்கா. இது அவரு எழுதுனது. அவரு பேருலயே திரும்ப அச்சடிப்போம்."

அப்படியே அச்சடித்தார்கள். வருடத் தப்புகளை மட்டும் டீச்சர் ஒன்றுவிடாமல் அடிக்குறிப்பில் திருத்தினார். "இம்புட்டு திருத்தமா?" என்று கணவர் செல்வநாயகம் சிரித்தார். "தப்பு தப்புதானே" என்றார் டீச்சர், விட்டுக்கொடுக்காமல்.

பழைய புத்தகம் மறுபடியும் காலியானது. டீச்சருடையது கட்டுக்கட்டாக வீட்டிலேயே கிடந்தது. பொறாமை போகவில்லை. அடுத்த வாரம் சின்னத்தாய் வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து, எழுதாத நோட்டு ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு கேட்டார்:

"சின்னத்தாயக்கா, நீங்க வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."