தெரு குறைந்த வரலாறு

ஊர்மன்றம் கடைத்தெருவை இரண்டாம் முறை அளந்தபோது, ஒரு வீடும் இடியாமல், ஒரு கடையும் மூடாமல், தெரு ஏழு அடி குறைந்திருந்தது. முந்தைய ஆண்டு மன்ற வாசலிலிருந்து பாலம் வரை ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடி. இப்போது ஆயிரத்து இருநூற்று மூன்று. கட்டடங்களைத் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். சலூன் பதினெட்டு அடி என்றால் பதினெட்டுதான், மரக்கடை நாற்பது என்றால் நாற்பதுதான். குறைந்தவை அவற்றுக்கு நடுவே இருந்த சந்துகள். தள்ளுவண்டி போன சந்தில் இப்போது சைக்கிள்தான் போனது; சைக்கிள் போன சந்தில் ஆள் ஒருக்களித்துப் போக வேண்டியிருந்தது. இதற்கு ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கு முன்பே சந்தேகப்பட்டுவிடுவது இங்கே பழக்கம். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று ஒவ்வொருவரும் முடிவுகட்டினார்கள். சுவரில் பழைய சுண்ணாம்பும் பழைய விரிசலும் அப்படியே இருக்கின்றனவே என்று கேட்டால், அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு அதுவே சாட்சி என்றார்கள்.

இந்த ஊரில் அடுத்த வீட்டாரிடம் நேரில் போய்க் குறை சொல்வது அநாகரிகம். மனு எழுதி, மன்ற வாசலில் இருக்கும் சிவப்புத் தகரப் பெட்டியில் போட வேண்டும். போட்டுவிட்டு, வழியில் அவரைப் பார்த்தால் சிரிக்க வேண்டும். கோழி வேலி தாண்டினால் மனு. இருமல் சத்தம் அதிகமாகக் கேட்டால் மனு. ஒருவர் இரண்டு நாள் இருமாமல் இருந்தபோது, என்ன சதி செய்கிறாரோ என்று அதற்கும் ஒரு மனு வந்தது பதிவேட்டில் இருக்கிறது.

தெருவை அளந்தவர் மன்றத்தின் நில அளவைக்காரர். ஊர் அவரைச் சங்கிலிக்காரர் என்றே கூப்பிட்டது. அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் அளந்தால் சரியாக இருக்கும் என்ற பேச்சு ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து. மூன்றாம் ஆண்டும் தெரு குறைந்ததும் அந்தப் பேச்சு மாறியது. நெருப்பில்லாமல் புகையுமா, சங்கிலியில் கண்ணி சேர்த்துவிட்டார் என்றார்கள். நான்கு பேரை வைத்து எண்ணச் சொன்னார் மன்றத் தலைவர். நூறுதான் இருந்தது. அதன்பிறகு அந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

ஆறாம் ஆண்டு தெரு ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்று அடிக்கு வந்து நின்றபோது, சங்கிலிக்காரர் மன்றத்து அலமாரியைத் தூசி தட்டினார். அளவுப் பதிவேடும் மனுப் பதிவேடும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் ஆண்டு வந்த மனுக்கள் எண்பத்து நான்கு. குறைந்தது ஏழு அடி, அதாவது எண்பத்து நான்கு அங்குலம். அடுத்த ஆண்டு மனுக்கள் முப்பத்தொன்று. குறைந்தது இரண்டடி ஏழு அங்குலம். எல்லா ஆண்டும் அப்படியே. ஒரு மனுவுக்கு ஓர் அங்குலம். அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட, தன் சங்கிலி பொய் சொல்லவில்லை என்பதில் கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னார். சிரிக்கக்கூட ஆளில்லை, கதை கட்டித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அப்போதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார்.

"என் மேலயே எழுதுங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எழுதின பிறகு ஒரு தடவை அளந்து பார்த்துடலாம்."

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. மறுநாள் காலை மன்ற வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சலூன்காரர் எழுத இடம் போதாமல் இன்னொரு தாள் வாங்கினார். வரிசையில் கடைசி ஆளாக நின்றவர் சங்கிலிக்காரரின் அண்ணன். தச்சுவேலை செய்பவர், அடுத்த வீடு. அண்ணன் வீட்டுக் கூரையின் இறவாரத் தண்ணீர் என் சுவரில் வடிகிறது என்று தம்பி ஒரு காலத்தில் மனுப் போட்டதிலிருந்து, பதினொரு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. ஓரகத்திகள் மட்டும் சந்துக்கு மேலே எதிரெதிராக இருந்த சமையலறை ஜன்னல் வழியாக உப்பும் தீப்பெட்டியும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் கழியில் கட்டி நீட்டினார்கள். சந்து குறையக் குறைய கையே எட்டியது. தெரு குறைந்ததால் லாபமடைந்தவர்கள் ஊரிலேயே அவர்கள் இருவர்தான்.

அண்ணன் பேனாவை வாங்கினார். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். எழுதாமல் போகிறார் என்றால் ஏதோ பெரிதாகத் திட்டம் வைத்திருக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது.

இருபத்தொன்பது மனுக்கள் பெட்டிக்குள் விழுந்தன. தெரு ஆயிரத்து நூற்று எண்பது அடி ஏழு அங்குலத்துக்கு வந்தது. போன இரண்டடி ஐந்து அங்குலமும் அண்ணன் தம்பி வீட்டுச் சந்தில் போயிருந்தது. முப்பது அங்குலம் இருந்த சந்தில் ஓர் அங்குலம் மிச்சம். சங்கிலிக்காரர் சொன்னது உண்மைதான் என்று தலைவர் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். அப்போது எழுத்தர் எழுந்து, ஓர் ஊழியர்மேல் ஒரே நாளில் இருபத்தொன்பது மனுக்கள் வந்திருக்கின்றன, விதிப்படி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும் என்றார்.

தலைவர் யோசித்துவிட்டு, "நிரூபிச்சது வேற, மனு வேற" என்றார்.

சங்கிலிக்காரர் சங்கிலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் கெட்டவர் என்று இப்போது ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் மனுவைத் திரும்பப் பெறச் சொன்னபோது சலூன்காரர் தலைவருக்குச் சவரம் செய்துகொண்டே, "முதல்ல வாபஸ் வாங்குறவன் பொய் எழுதினவன்னு ஆயிடும்ல?" என்று கேட்டார். கத்தி கழுத்தில் இருந்ததால் தலைவர் அதை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. சங்கிலிக்காரருக்குப் பதில் எழுத்தர் சங்கிலியைப் பிடித்தார். மனுக்கள் விசாரிக்கப்படுமோ என்ற பயத்தில் ஊர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. தெருவும் அப்படியே நின்றது.

ஒருநாள் சங்கிலிக்காரரின் மனைவி ஜன்னலோரம் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஊரே எழுதுச்சு, உங்க அண்ணன் எழுதல. நீங்க அவர் மேல எழுதினது இன்னும் பதிவேட்டுலதான் இருக்கு."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மன்றத்துக்கு நடந்தார். மனுவைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் அச்சடித்த கட்டு பிரிக்கப்படாமலே இருந்தது. காரணம் என்ற இடத்தில், சுவர் நனையவே இல்லை என்று எழுதினார். அப்பா நல்ல வீட்டை அண்ணனுக்கு எழுதிவைத்த வயிற்றெரிச்சலில் எழுதிய மனு அது. ஊரிலேயே நேர்மையானவர் என்று பெயர் வாங்கியவர் முதல் பொய்யராகப் பதிவாகிவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை தெரு ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. மறுநாளே அந்த அங்குலம் யாருக்குப் போனது என்று விசாரிக்கக் கோரி மரக்கடைக்காரர் சலூன்காரர்மேல் மனுப் போட்டார். சலூனுக்கும் மரக்கடைக்கும் நடுவே ஓர் அங்குலம் குறைந்து கணக்கு நேரானது. அண்ணன் தம்பி வீட்டு நடுவே மட்டும் இரண்டு அங்குலம் அப்படியே நின்றது. அண்ணன் அடிக்கோலை நுழைத்து அதை அளந்து பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பேசினார்.

"அந்தச் சுவர் நனையலன்னு எனக்கு அப்பவே தெரியும்டா."

"தெரிஞ்சும் நீ ஏன்ணா பதில் மனுப் போடல?"

"தம்பியாச்சே. நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பிறகு ஓரகத்திகள் வந்து, அடுப்பில் வேலை இருக்கிறது, நகருங்கள் என்று இருவரையும் விரட்டினார்கள். மன்ற வாசலில் எழுத்தர் பலகையை அழித்துவிட்டுச் சுண்ணக்கட்டியால் அன்றைய அளவை எழுதினார்: ஆயிரத்து நூற்று எண்பது அடி, ஏழு அங்குலம்.