ஒரே டேங்கில் இரண்டு மருந்து

மிரோஸ்லாவா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சர்க்கரை பீட் கிழங்குச் செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். இலையோரம் மஞ்சள், நடுக்குருத்து சுருண்டிருந்தது. இரண்டாம் முறை களைக்கொல்லி அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். பயிர் திணறிப் போயிருந்தது.

"எதையாவது ஊத்தி எழுப்பு, மிரோஸ்லாவா ஒஸ்தாப்பிவ்னா!" என்றார் பண்ணை இயக்குநர் யுஹிம். வேளாண் அதிகாரியாக அவள் அவரிடம் ஒன்பது வருடமாக இருக்கிறாள்.

"நாலு நாள் விடுங்க. புதுக்குருத்து வந்ததும் போரான், மாங்கனீசு சத்தைத் தனியா தெளிக்கலாம்."

"அதுவரைக்கும் களை சும்மா இருக்குமா? மூணாவது தடவை களைக்கொல்லியோட சேத்தே அடிச்சிடலாம். டீசல் என்ன கிணத்துலயா ஊறுது?"

"போரான் சேந்தா தண்ணியில காரத்தன்மை ஏறிடும். களைக்கொல்லி டேங்க்லயே செத்துடும்."

"படிச்சவங்க வாயைத் தொறந்தாலே 'கூடாது'தான்!"

மறுநாள் அவள் ஆய்வகத்துக்கு மண் மாதிரி கொடுக்க வின்னித்சா நகரத்துக்குப் போனாள். திரும்பியபோது தெளிப்பு டிராக்டர் ஓட்டும் திமிஷ் தலையைச் சொறிந்தான்.

"நான் என்னங்க பண்றது? போரான் டப்பாவை இயக்குநரே தொறந்து களைக்கொல்லியோட ஊத்தினாரு."

"ஊத்தின உடனே அடிச்சியா?"

"கலந்துட்டு சாப்பிட உக்காந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பத்து நாளில் நாற்பது ஹெக்டேரும் பச்சைப் பசேலென்று நிமிர்ந்தது. யுஹிம் பக்கத்துப் பண்ணைக்காரரையே வரவழைத்துவிட்டார். "பாத்தீங்களா? எங்க அதிகாரியம்மா வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க!"

மிரோஸ்லாவா குனிந்து இலைகளை விலக்கினாள். அடியில் சக்கரவர்த்திக் கீரைக் களை, ஆறு இலை விட்டு, தண்டு தடித்து நெருக்கமாக நின்றது.

"பயிரும் தேறிடுச்சு, களையும் தேறிடுச்சு. இனி இதைக் கொல்லணும்னா இரட்டை அளவு மருந்து வேணும். பீட் மறுபடியும் கருகும்."

பக்கத்துப் பண்ணைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். யுஹிமின் கழுத்து சிவந்தது.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

என்ன சொன்னாலும் களை போகப் போவதில்லை. அவள் நேரே கருவிக் கிட்டங்கிக்குப் போய், இருந்த களைக்கொத்துகளையெல்லாம் வெளியே எறிந்தாள்.

திங்கட்கிழமை ஊரிலிருந்து முப்பது பேர் களைகொத்த வந்தார்கள். யுஹிமும் வந்து ஒரு வரிசையைப் பிடித்தார். பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல ஏதும் சுலபமான வழி இல்லையா?"

"இருந்துச்சு," என்றாள் அவள், நிமிராமலே கொத்தியபடி.