காட்டிக்கொடுப்பவன் வேடம்

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் தெருவிலுள்ள வங்காளிக் குடும்பங்கள் சேர்ந்து நாற்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய இளைஞர்களின் கதை. இயக்கியவர் எதிர்வீட்டு ப்ரியம்வதா. வார நாட்களில் மருந்துக்கடையில் வேலை. புரட்சிக்காரர்களாக நடிக்க ஒன்பது பேர் போட்டி போட்டார்கள். அவர்களைப் போலீசுக்குக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க மட்டும் ஆளில்லை. அடுத்த துர்கா பூஜைவரை எல்லோரும் துரோகி என்றே கூப்பிடுவார்களாம்.

"ஜெய், நீங்கள் தமிழர். உங்களை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?" என்று ப்ரியம்வதா ஆங்கிலத்தில் கேட்டார்.

வசனமே கிடையாது, ஒரு வீட்டை நோக்கி விரல் நீட்டினால் போதும் என்றதால் ஒப்புக்கொண்டேன். நம் ஊர் மாதிரி வேட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். சிரித்துவிட்டு அவர்களே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார்கள். எங்கள் ஏழு வயது மகள் வெண்பாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் என்னைப் பார்த்தால் துள்ளுவாள் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் பள்ளி அரங்கில் படம் போட்டார்கள். வெண்பா என் மடியில் இருந்தாள். ஒளிந்திருந்த புரட்சிக்காரராக நடித்தவர் சௌமென். சனிக்கிழமைதோறும் அவளையும் தம் மகளையும் நீச்சலுக்கு அழைத்துப் போகிறவர். திரையில் நான் விரல் நீட்டினேன். போலீஸ் அவரை இழுத்துப் போனது.

வெண்பா மடியிலிருந்து இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள்.

வண்டியில் சொன்னேன். "அது சும்மா ஆக்டிங், கண்ணு."

"ஐ நோ ஆக்டிங்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பட் ஒய் யூ? வேற யாருமே போலீஸ்கிட்ட சொல்லலையே?"

"நல்லா கேட்டா பாருங்க," என்றாள் என் மனைவி தாமரை.

இரண்டு நாள் வெண்பா என்னோடு பேசவில்லை. சௌமெனே வந்து, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்" என்று தோளைக் குலுக்கிக் காட்டினார். அவருக்கு மட்டும் ஒரு புன்னகை கிடைத்தது.

செவ்வாய் மாலை அவள் அறை வாசலில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன்.

"அந்த வேஷத்துக்கு யாருமே வரல கண்ணு. துரோகின்னு கூப்பிடுவாங்கன்னு எல்லாருக்கும் பயம். ஆளில்லாட்டி படமே இல்ல. அதான் நான் போனேன்."

"உனக்கு பயம் இல்லையா?"

"அப்ப இல்ல. இப்பதான் இருக்குது."

சட்டென்று எழுந்து துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா! நீதான் போலீஸ்!"

தாமரை கரண்டியோடு வந்து நின்றாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"யோவ், அந்தப் புள்ள எங்கய்யா?"

"எனக்குத் தெரியாதுங்க துரை."

"சொல்லாட்டி இன்னிக்கு உனக்கு தோசை கிடையாது."

"டோன்ட் டெல், அப்பா!" அலமாரி கத்தியது.

"பட்டினி கிடந்தாலும் தெரியாதுங்க," என்றேன்.