நான்கு பேருக்கு ஒரு வண்டி

1

இது ஒரு பயணக் கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. வார இதழ் ஒன்றின் ஆசிரியர் கூப்பிட்டு, “சொந்தமா வண்டி பிடிச்சு, ரெண்டு மூணு நாள்ல பழைய ஊருங்க, யாத்திரை ஊருங்கன்னு சுத்திட்டு வர்றது எப்படின்னு லேசா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்” என்றார். சரி என்றேன். நான் வீட்டை விட்டு அதிகம் நகராதவன். ஆனால் கீழ்வீட்டில் அப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டபோது மாலைதோறும் கூடவே உட்கார்ந்திருந்தேன். எந்த ஊரை முதலில் பார்ப்பது, எங்கே தங்குவது, எந்தப் பக்கம் சாலை மோசம் என்று எல்லாமே காதில் விழுந்திருந்தது. அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: “குறுகிய பயணத்துக்குத் திட்டமிடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எத்தனை பேர் போகிறோம் என்பது.”

அதற்கு மேல் பேனா நகரவில்லை. [கணினியில்தான் எழுதுகிறேன். சொல் பழக்கம் போகவில்லை.]

அந்த வரியை அழிக்கவும் மனம் வரவில்லை. கட்டுரை போய்க் கதை வந்துவிட்டது. ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

2

கீழ்வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடி. யாரோடு பேசினாலும் அவர் பார்வை முதலில் எதிராளியின் காதுக்குத்தான் போகும், கண்ணாடிச் சட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. அவர் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு அதே நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கிறாள்.

அந்த வீட்டில் இன்னொருவர், கடைக்காரரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் ‘எக்ஸ்சேஞ்ச் அக்கா’.

தம்பி குடும்பத்துக்காகத் தன் வாழ்க்கையையே மெழுகுவத்தியாக

[இது வேண்டாம். அக்கா யாருக்காகவும் உருகினதாக எனக்குத் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தோன்றவில்லையாம், அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிடுவார், சத்தமாகச் சிரிப்பார், சீட்டு விளையாட்டில் கூசாமல் ஏமாற்றுவார்.]

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குடும்பம் எங்காவது வெளியே கிளம்பினால், “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்” என்பார். வருடக்கணக்காக இதே பதில். கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பழக்கம் என்பது அப்படித்தான் ஓசைப்படாமல் வந்து உட்காரும்.

3

திட்டம் போட்டது கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கடைக்காரருக்குப் பழைய தலைநகரத்தைப் பார்க்க வேண்டும். இடிந்த அரண்மனையும் அருங்காட்சியகமும் உள்ள ஊர். டீச்சருக்கு ஆற்றங்கரையில் இருக்கிற யாத்திரை ஊர். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. இரண்டோடும் சேர்த்து ஒரு மலையூர், இளையவர்கள் இருவருக்கும்.

“இடிஞ்ச செவுத்தப் பாக்கவா அவ்ளோ தூரம்? நம்ம பின்பக்கச் செவுரு என்ன பாவம் பண்ணுச்சு?” என்பார் டீச்சர்.

“அந்த ஆத்தங்கரைப் படியெல்லாம் நீ ஏறி எறங்கினா, அப்புறம் உன் முட்டிக்கு வேற தனியா வேண்டிக்கணும்” என்பார் அவர்.

நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வது அக்காதான். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவர். “ஆத்தங்கரை ஊருக்குக் காலைல போகாதீங்க. காலைல அந்த ஊருக்கு லைனே கெடைக்காது, அவ்ளோ கூட்டம். வெயில் தாழ்ந்து போனா நிம்மதியா நிக்கலாம்.” மலையூரைப் பற்றிக் கேட்டால், “அங்க இருந்த ஆபரேட்டர் எப்பவும் மூச்சு வாங்கிட்டே பேசுவா. ஆபீஸ் மேட்டு மேல. அப்ப ஊரே செங்குத்தாத்தான் இருக்கும்” என்பார்.

முதல் நாள் தலைநகரம், இரண்டாம் நாள் சாயங்காலம் ஆற்றங்கரை, மூன்றாம் நாள் மலை ஏறி இறங்கி வீடு. இந்த வரிசை அக்கா போட்டது.

அந்த நாள்களில் ஒருமுறை படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். காலில் புது கேன்வாஸ் ஷூ. கால் பழக வேண்டுமென்று மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார்.

“என்னக்கா, புதுசா?”

“படி ஏறணும்ல தம்பி.”

நம் கட்டடத்துப் படியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். [மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழில் என்று என் புத்தக அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்.]

4

இந்தப் பகுதியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் மின்சாரம் போனது. நிஜத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும்கூட வந்திருந்தார்கள்.

வண்டி ஓட்டப்போகிற டிரைவர் விவரம் கேட்க வந்தார். “நாலு பேர்தானே சார்? சின்ன வண்டியே போதும். பெருசுன்னா மலைல சிரமம்.”

“ஆமா, நாலு பேர்தான்” என்றார் கடைக்காரர்.

அக்கா தேநீரைக் கீழே வைத்தார். “அஞ்சுல்லடா?”

சாதாரணமாகத்தான் கேட்டார், கூட்டலில் ஒரு பிழையைத் திருத்துகிற மாதிரி.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிரைவரின் காதைப் பார்த்தார். டீச்சர்தான் தடுமாறி, “இல்ல அண்ணி… நீங்க எப்பவும் வீட்டுல… அதான் நாங்களா…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

அக்கா ஒருமுறை எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தார். “அட, என் புத்தி! வண்டி ஓட்டுற தம்பியையும் சேத்து எண்ணிட்டேன்!”

எல்லோரும் சிரித்தோம். தேவைக்கு மேலேயே சிரித்தோம். அவர் எங்களுக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார், நாங்கள் முண்டியடித்துக்கொண்டு அதன் வழியே வெளியேறினோம். அதன்பின் அக்கா, மலையூருக்கு எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று டிரைவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

[ஒரு வாசகர் கேட்கலாம்: அப்போதே தம்பி ‘நீயும் வாக்கா’ என்று சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. கதை இல்லாமலே போயிருக்கலாம்.]

5

கிளம்புகிற காலையில் அக்கா வாசலில் நின்று சாப்பாட்டுப் பொட்டலங்களை வண்டிக்குள் நீட்டினார், கையாட்டினார். மாடியிலிருந்து பார்த்தேன்.

சற்று நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றார். கையில் பை, காலில் அந்த ஷூ. வீட்டுச் சாவியை நீட்டினார்.

“வெச்சிருங்க தம்பி. அவங்க வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன். சும்மா, ஒரு அவசரத்துக்கு.”

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“எனக்கு மட்டும் காலு இல்லையா?” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

மதியத்துக்குள் அதே வண்டி வாசலில் வந்து நின்றது. கடைக்காரர் படிகளைத் தாவி ஏறி வந்தார். “சார், வீடு பூட்டியிருக்கு. அக்கா எங்க?”

நடந்ததைப் பிறகு சொன்னார். ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உங்க அக்கா நல்ல மனுசி சார். எத்தனையோ குடும்பத்தக் கூட்டிட்டுப் போயிருக்கேன், என்னையும் ஒரு ஆளா எண்ணினது அவங்கதான்” என்றிருக்கிறார். முதலில் வாய் திறந்தது டீச்சர்.

“திருப்பச் சொல்லுங்க. மொதல்ல வண்டியத் திருப்பச் சொல்லுங்க.”

“நான் பஸ்ல வந்துடறேன் மாமா, பெரியத்தைய ஏத்திக்குங்க” என்றிருக்கிறார் மாப்பிள்ளை. மகள் வழியெல்லாம் அழுதிருக்கிறாள். “ஒரு வார்த்த நான் கேட்டிருக்கலாமேப்பா.”

சாவியைக் கொடுத்தேன். அக்காவின் எண்ணுக்கு அடித்தார்கள். சமையலறை அலமாரியில் மணி அடித்தது. காலமெல்லாம் ஊராரின் பேச்சை இணைத்துவிட்டவர் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். [ஜோடனை மாதிரி இருக்கிறது, தெரியும். எடுத்துவிட்டுப் பார்த்தேன், அவர்கள் ஏன் அன்று கூப்பிட்டுப் பேசவில்லை என்று கேள்வி வருகிறது. இருக்கட்டும்.]

பயணம் அதோடு நின்றது. டிரைவரை அனுப்பிவிட்டு நான்கு பேரும் வீட்டிலேயே காத்திருந்தார்கள்.

6

மூன்றாம் நாள் காலை அக்கா வந்தார். நான் அப்போது கீழ்வீட்டில்தான் இருந்தேன். அவர்கள் திரும்புவதற்குள் வந்துவிடுவதாகக் கணக்குப் போட்டு வந்தவர், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். ஷூவில் செம்மண் அப்பியிருந்தது.

“என்னடா, அதுக்குள்ளயா வந்துட்டீங்க?”

அந்த நேரத்தில் கடைக்காரர் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து

[அப்படி அவர் செய்யவில்லை.]

“வண்டி ரிப்பேர்க்கா” என்றார். “பாதி வழியிலேயே திரும்பிட்டோம்.”

டீச்சர் வாய் திறக்கப் போனார். கணவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“அடப்பாவமே. ஆத்தங்கரைக்குப் போகவே இல்லையா?”

“எங்கயுமே போகல. நீ எங்கக்கா போயிருந்த?”

“சும்மாதான். கூட வேல பாத்தவ வீட்டுக்கு.” அக்கா குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். கடைக்காரர் நெடுநேரம் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவளுக்காகத் திரும்பி வந்தோம்னு சொன்னா, அன்னிக்கு அவ டிரைவர எண்ணலங்கிறது எங்களுக்குத் தெரியும்னு ஆயிடும் சார். எங்க மானம் போகக் கூடாதுன்னு அவ மூடி வெச்சது. அத நான் எப்படித் தெறக்கிறது?”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. சரியென்று தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, பழைய தோழி ஒருத்தியோடு வேறு ஊரில் போய் இருக்கப்போவதாக அக்கா சொன்னார். சண்டை இல்லை, முகத்திருப்பல் இல்லை. டீச்சர் மட்டும் வாசலில் மறித்துக் கேட்டார். “எங்க மேல கோவமா அண்ணி?”

“கோவமா? பேச்சுத் துணைக்கு ஆள் கெடைச்சிருக்கு, போறேன். நீயே யோசி, இந்த வீட்ல யாரு வாய் தெறக்கிறீங்க?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பிதான் பேருந்து நிறுத்தம் வரை போனார். வழியில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள்.

7

அந்த நாள்களில் அக்கா எங்கே போனார்? கதை எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. மூன்று வழி வைத்திருக்கிறேன்.

சொன்னது போலவே தோழி வீட்டுக்குப் போனார். இருவரும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். நம்பச் சுலபமானது இதுதான்.

அல்லது, ஒரே ஆளாக மலையூருக்குப் போனார். மூச்சு வாங்க வாங்க அந்த மேட்டில் ஏறி, ஆபரேட்டர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துகொண்டார். எனக்கு ஆசையாக இருப்பது இது.

மூன்றாவதை எழுத உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அவர் ஆற்றங்கரை ஊருக்குப் போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பி குடும்பம் அங்கே வரும். வரிசை போட்டதே அவர்தானே. கூட்டத்தில் தற்செயலாகப் பார்த்த மாதிரி, ‘அட, நீங்களும் இங்கதானா?’ என்று கேட்டால் யாருக்கும் சங்கடமிருக்காது. சேர்ந்து நின்று கும்பிட்டிருக்கலாம். படியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்திருப்பார். விளக்கேற்றினார்கள். கூட்டம் கலைந்தது. அவர்கள் வரவில்லை. அவரைத் தேடித் திரும்பிப் போனதால் வரவில்லை.

[இது என் கற்பனை. என் கற்பனைதான். ஆனால் ஆற்றங்கரைக்குப் போகவில்லையா என்றுதானே அவர் முதலில் கேட்டார்?]

8

போன வாரம் கடைக்காரரிடம் இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வண்டி திரும்பி வந்தத எழுதிட்டீங்களா?”

“எழுதியிருக்கேன். வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுக்காதீங்க. அக்கா அந்த வாரப் புத்தகம் வாங்குறவ. படிப்பா. நான் சொன்ன மாதிரியும் இருக்காது, சொல்லாத மாதிரியும் இருக்காது.”

“நீங்களே கூப்பிட்டுச் சொல்லலாமே. எங்க போனாங்கன்னும் கேட்டுடலாம்.”

தலையை ஆட்டினார். “கேட்டா சொல்லிடுவாளோன்னு பயமா இருக்கு சார்.”

மூன்றாவது வழி என் ஒருவனுக்கு மட்டும் தோன்றியதல்ல என்று அப்போது தெரிந்தது.

எனக்கு இதில் சம்மதமில்லை. தம்பி அக்காவிடம் சொல்ல வேண்டியதை அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்பது என்ன நியாயம்? வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லோரும் பெரிய வண்டியில் கிளம்புகிறார்கள். ஒன்றில் தம்பி அந்த ஊருக்கே போய்க் கதவைத் தட்டுகிறார். இரண்டையும் அழித்துவிட்டேன். நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டால், அதைப் படித்து ஆறுதல் பட்டுக்கொண்டு, நடக்க வேண்டியதை அவர் செய்யாமலே விட்டுவிடுவார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் வாசகர்களிடம் விட்டுவிடுவோம். இந்த முறை எல்லா வாசகர்களிடமும் விட முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள், மிச்சமுள்ள வரிகள் ஒருவருக்கு மட்டும்.

அக்கா, அன்று வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களைக் கூட்டிப் போகத்தான் திரும்பி வந்தார்கள். திருப்பச் சொன்னது உங்கள் தம்பி மனைவி. நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்வதாக இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.