அம்பு வந்த வீடு

புனித செபஸ்தியாரின் அம்பை வீடு வீடாகக் கொண்டுவரும் அம்புத் திருநாளன்று காலையிலேயே அன்டோ கேட்டை இழுத்துப் பூட்டினான்.

"அம்பு வர்ற நாள்ல யாராவது கேட்டைப் பூட்டுவாங்களா, மனுஷா?" என்றாள் அவன் மனைவி ட்ரீசா.

"கதவுல ஒட்டியிருக்கற நோட்டீசைப் பாத்துக்கிட்டே எல்லாரும் உள்ள வரணுமா?"

அவன் அண்ணன் லோனப்பன் திருச்சூரில் நடத்திய நிதி நிறுவனம் ஊரார் பணத்தோடு கவிழ்ந்துவிட்டது. அந்தப் பணத்தில் 2019இல் கட்டிய வீடு இது என்று சொல்லி, சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் அமலாக்கத் துறையினர் இதை முடக்கிவிட்டார்கள். வீடு கட்டியதோ 2004இல். அப்போது லோனப்பனுக்கு நிறுவனமே கிடையாது. ஆனால் பஞ்சாயத்தின் பழைய பதிவேடுகள் 2018 வெள்ளத்தில் போய்விட்டன. அதற்குப் பிறகு பஞ்சாயத்து கொடுத்த புது வீட்டு எண்ணைப் பார்த்துப் புது வீடு என்று எழுதிவிட்டார்கள். கரண்ட் இணைப்பைக் காட்டினால், அது இதே இடத்தில் முன்பு இருந்து இடித்த பழைய வீட்டுக்கு வாங்கியது என்றார்கள். இரண்டு இடத்தில் தோற்றாயிற்று. எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு மட்டும்தான் பாக்கி. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

சமையலறைக் கூரை ஒழுகியது. அன்டோ ஏறிப் பார்க்கவில்லை. "இனி யாரோ இருக்கப் போற வீடு" என்று விட்டுவிட்டான்.

பேண்டு சத்தம் நெருங்கியதும் ட்ரீசாவே போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"என்னடா அன்டோ, புனிதரையே வெளில நிறுத்தப் பாத்தியாமே?" என்றபடி வந்தார் சர்ச் நிர்வாகத்தைக் கவனிக்கும் கைக்காரர் பொறிஞ்சு. "அத்தனை அம்பைத் தாங்குன மனுஷன், ஒரு நோட்டீசுக்கா பயந்துடுவாரு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்டோவும் கொஞ்சம் சிரித்துவிட்டான்.

அம்பை மேசைமேல் வைத்து ஜெபம் முடிந்தது. ட்ரீசா அச்சப்பப் பலகாரத் தட்டோடு வந்தபோது பொறிஞ்சு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குஞ்ஞுவறீது வீடு, வந்தது. அன்டோ வீடு, வந்தது. அடுத்து மில் வீடு. தட்டு கையிலேயே நின்றது.

"சேட்டா, இதை எத்தனை வருஷமா எழுதறீங்க?"

"இருபத்தாறு. ஒரு தடவை ஒரு வீட்டை விட்டுட்டேன்னு அந்த அம்மா வருஷம் முழுக்க என்கூடப் பேசல. அதுலேருந்து வரிசை பிசகாம எழுதறேன்."

"பழைய நோட்டெல்லாம்?"

"சர்ச் மாடில. வெள்ளம் அங்க ஏறலயே."

வக்கீல் சுபைதாவுக்குப் போன் போட்டாள். "இதை இத்தனை நாள் எங்க சேச்சி ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று அவள் கத்தியது அன்டோவுக்கே கேட்டது.

அதற்கு எட்டாம் நாள் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. "சர்ச் நோட்டெல்லாம் ஆவணமா, மை லார்ட்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அரசு ஆவணம் இல்லை" என்றாள் சுபைதா. "ஆனா இப்படியொரு வழக்கு வரும்னு அப்பவே யாரும் எழுதி வெச்சிருக்க முடியாது."

நீதிபதி புரட்டினார். 2004 நோட்டில் குஞ்ஞுவறீது வீட்டை அடுத்து மில் வீடு. 2005இல் அந்த இரண்டுக்கும் நடுவே நெருக்கி ஒரு வரி: 'அன்டோ, புது வீடு, வந்தது.' அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அந்தப் பெயர்.

"அந்த மில் இன்னும் இருக்கா?"

"இருக்கு, மை லார்ட். அரைக்கற சத்தம் இவங்க சமையலறைக்கே கேக்கும்."

காலி செய்ய வேண்டாம்; கீழே விசாரித்தவர்களே நோட்டுகளையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் புதிதாக முடிவெடுக்க வேண்டும். உத்தரவு அவ்வளவுதான்.

"ஜெயிச்சுட்டோமா வக்கீலே?" என்று வராந்தாவில் கேட்டான் அன்டோ.

"பாதி, சேட்டா. மீதிக்கு எனக்குப் பயமில்ல."

வீடு திரும்பியதும் அன்டோ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வாங்கி வந்தான்.

"நோட்டீசு அப்படியே இருக்கே" என்றாள் ட்ரீசா.

"இருந்துட்டுப் போகட்டும். எடீ, ஏணியைக் கெட்டியாப் பிடி. மழைக்கு முன்னாடி உடைஞ்ச ஓடுகளை மாத்திடலாம்."